செவ்வாய்க்கிழமைச் சிவப்பு

இளவெயினியின் வாயிலிருந்து முதன்முதலாக நூல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதில் ஆலடிச்செவலில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அன்றைக்கு அவள் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் என்பதில்தான் உண்டு, ஏனென்றால் அவள் எல்லோரோடும் போட்டுக்கொண்டிருந்தாள். பேரூராட்சி சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை பெரியவர்களுக்கான மாலை வகுப்புகள் என்று நோட்டீஸ் ஒட்டிய எழுத்தர், ஒரே கூடத்தை ஒரே நேரத்துக்கு ஞானப்பூ டீச்சரின் பூத்தையல் வகுப்புக்கும் இளவெயினியின் கதை எழுதும் வகுப்புக்கும் சேர்த்தே ஒதுக்கிவிட்டு, கேட்டதற்கு, "ரெண்டும் உக்காந்து செய்யுத வேலைதானம்மா" என்று சொல்லி டீ குடிக்கப் போனவர் போனவர்தான்.

பூத்தையலுக்கு இருபத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கதை எழுத ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் வந்திருந்தார், அவரும் தான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்த நானூறு கவிதைகளை வாசித்துக் காட்டத்தான் வந்தாரே ஒழிய எதையும் கற்றுக்கொள்ளும் உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை. இளவெயினிக்கு அப்போது வயது இருபத்தைந்து. 'பெண் எழுத்தில் மௌனம்' என்ற தலைப்பில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள், அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எழுதும்போது அவள் ஒரு நிமிஷம்கூட வாயை மூடியிருந்ததாக அவளுடைய அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஆகவே அவள் கூடத்தின் நடுவில் நின்று, ஊசி பிடிக்கிற கைக்குப் பேனா பிடிக்கவும் உரிமை உண்டு என்றும், பெண்ணைப் பூப்போட வைத்துப் பூப்போட வைத்தே இந்தச் சமூகம் அவளை உட்கார்த்தி வைத்திருக்கிறது என்றும், கூடத்தில் பாதி தனக்கு வேண்டும் என்றும் நாற்பது நிமிஷம் பேசினாள். அந்த நாற்பதாவது நிமிஷத்தில், 'காலங்காலமாக' என்ற சொல்லின் கடைசியில், அவள் கீழுதட்டில் சிவப்பாக ஒரு நுனி தெரிந்தது.

"வாயில நூலு நிக்கி பாரு பிள்ள" என்று ஞானப்பூ டீச்சர் தன் பாட்டுக்குக் கையை நீட்டி அதை இழுத்தார். தைக்கிற பெண்கள் நூலைப் பல்லால் கடிக்கிறவர்கள், உதட்டில் நூல் ஒட்டியிருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அது ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது, இளவெயினி திகைத்துப்போய் வாயை மூடியதும் நின்றது. டீச்சர் அந்த நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார், எச்சில் தொட்டு ஊசியில் கோத்தார், மடியில் கிடந்த தலையணை உறையில் நாலு சங்கிலித் தையல் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"முறுக்கு நல்லாருக்கு" என்றார். "நிப்பாட்டாத. பேசு."

ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஏதாவது வந்தால், அது எதற்கு உபயோகப்படும் என்றுதான் ஊர் முதலில் கேட்கும். அது எப்படி வருகிறது என்று பிறகு கேட்கும், அதுவும் நேரம் இருந்தால். ஆலடிச்செவலுக்கு நேரம் இருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஜாரில் நூல்கடை வைத்திருந்த சதக்கத்துல்லா பாய் ஒரு துண்டு வாங்கி, கடைக்கு வருகிற எல்லா நூலையும் சோதிப்பதுபோல நுனியில் தீக்குச்சி வைத்துப் பார்த்து, "பஞ்சும் இல்ல, பாலியஸ்டரும் இல்ல, ஆனா சாயம் போவாது, அது மட்டும் எழுதித் தாரேன்" என்றார். நூலுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டே என்று இளித்துக்கொண்டு சொல்ல வந்தவர்களையெல்லாம் ஞானப்பூ டீச்சர் வாசலோடு திருப்பி அனுப்பினார். பல்கலைக்கழகத்து நெறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அடிக்குறிப்புகள் வேறு நிறத்தில் வருகின்றனவா என்று மட்டும் விசாரித்தார். அம்மா, "ஈர வாயோட பேசாதட்டி, நூலு மக்கிரும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத் தரகர் அவளுடைய ஜாதகத்தின் பின்பக்கத்தில் 'கைத்தொழில் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

அப்படியாக இரண்டு வகுப்பும் ஒரே வகுப்பாயிற்று. முதல் ஒன்றரை மணி நேரம் பெண்கள் தைப்பார்கள், இளவெயினி பேசுவாள், ஞானப்பூ டீச்சர் அவளுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மரக் கட்டையில் நூலைச் சுற்றுவார். கடைசி அரைமணி நேரம் இருபத்திரண்டு பேரும் ஊசியை வைத்துவிட்டு அவள் சொன்ன தலைப்பில் எழுதுவார்கள். தபால்காரர் இரண்டாவது வாரமே கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நூலில் தரம் இருந்தது. கல்யாணச் சந்தையைப் பற்றிப் பேசினால் குங்குமச் சிவப்பு, கொக்கி ஊசியால் ஜாக்கெட்டில் பூப்போடுகிற ஆரி வேலைக்கு அதைப்போல வராது. பெண் சாயங்காலம் வெளியே போவதைப் பற்றிப் பேசினால் பச்சை. வீட்டு வேலையைப் பற்றியென்றால் மஞ்சள், கொஞ்சம் சொரசொரப்பு, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க உகந்தது. உண்மையாகவே கோபம் வந்துவிட்டால் கோணி தைக்கிற சணல் கனத்துக்கு வந்து அவளுக்கே கண்ணில் நீர் கட்டும். இலக்கியக் கோட்பாட்டைப் பற்றி, அதாவது அவள் ஏழு வருஷம் படித்ததைப் பற்றி, அவள் உயிரைக் கொடுத்து நம்பியதைப் பற்றி அவள் பேசினால், மிக மெல்லிசாக, வெள்ளைவெளேரென்று, மீட்டர் மீட்டராக, இழுத்தால் அறுந்துபோகிற ஒரு நூல் வந்தது. அதையும் டீச்சர் எறியவில்லை. துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க ஓட்டுத் தையல் போடுவார்களே, நிஜத் தையல் முடிந்ததும் உருவிப் போட்டுவிடுவார்களே, அதற்கு வைத்துக்கொண்டார்.

இளவெயினிக்கு அது கொஞ்சம் வலித்தது என்றாலும் மற்றபடி அவள் சந்தோஷத்தின் உச்சியில் இருந்தாள். ஏனென்றால் பல்கலைக்கழகத்துக் கருத்தரங்குகளில் அவள் பேச எழுந்தாலே மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும். இங்கேயோ இந்தப் பெண்கள் எதிர்த்துப் பேசினார்கள். பீடி சுற்றுகிற வேலுத்தாய் அக்கா, ஐம்பது வயது, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு தோணுது பிள்ள, பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு கூடினா மாப்பிள்ள தெகையாதுல்லா?" என்பார். ஆமினா, தையல்கடைக்காரர் வீட்டு மருமகள், பி.காம். முடித்துவிட்டுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தவள், "அதானே" என்பாள். உடனே இளவெயினி ஆரம்பிப்பாள். இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம், வேலுத்தாய் அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசியில் பெருமூச்சு விட்டு, "நீ சொல்லுதது சரிதான்" என்று ஒத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் இளவெயினி டைரியில் எழுதினாள்: 'இன்று வேலுத்தாய் அக்காவின் உலகப் பார்வையில் ஒரு மாற்றம்.' வேலுத்தாய் அக்காவின் உலகப் பார்வை அதே கேள்வியில் அதே மாதத்தில் மூன்று தடவை மாறியிருந்தது. மூன்றும் செவ்வாய்க்கிழமை. மூன்றையும் டைரியில் எழுதினவள் அவள்தான்; அடுத்தவர்களின் எழுத்தை ஆழ்ந்து வாசிக்கப் பயிற்சி பெற்றவர்கள் தங்களுடையதை வாசிப்பதில்லை.

எழுத்து வேலைதான் அவளுக்குத் திருப்தி தரவில்லை. நிலாவைப் பற்றி எழுதச் சொன்னால் இருபத்திரண்டு பேரும் நிலா வட்டமாக இருக்கிறது என்று எழுதினார்கள். 'மழைநாளும் நானும்' என்ற தலைப்புக்கு வேலுத்தாய் அக்கா, 'மழை பெய்தது. இலை நனைந்துவிட்டது. பீடி சுற்ற முடியவில்லை' என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார், இளவெயினி அதன் கீழே சிவப்பு மையில் 'உணர்ச்சி எங்கே?' என்று எழுதி பத்துக்கு நாலு போட்டாள். ஒரே ஒரு பயிற்சிக்கு மட்டும் அவர்கள் கண் மின்னியதை அவள் கவனித்தாள். 'உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் வாயால் ஒரு பக்கம் பேசுங்கள்' என்று அவள் சொன்ன நாளில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஞானப்பூ டீச்சர்கூட, "இது எப்படிச் செய்யணும், இன்னொருக்க சொல்லு" என்று கேட்டார். ஆனால் மறுநாள் யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினோம், வீட்டில் மறந்து வைத்துவிட்டோம் என்றார்கள்.

அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தன, அந்த நோட்டு கூடத்துத் தையல் மிஷினின் மூடிக்குள் இருந்தது. நாற்பதாவது நாள் நூல் சுற்றுகிற பாபின் ஒன்றைத் தேடி மூடியைத் திறந்த இளவெயினியின் கையில் அது வந்து சேர்ந்தது. வேலுத்தாய் அக்காவின் உருண்டையான எழுத்தில் முதல் பக்கம் இப்படி இருந்தது:

'செவ்வாய் — சிவப்பு. ஆரி ஜாக்கெட் மூணு. வேலுத்தாய் பேச வேண்டியது: படிப்பு கூடினால் மாப்பிள்ளை கிடைக்காது. பிள்ளை இருபது நிமிஷம் தாங்கும். நடுவில் நின்றால் ஆமினா அதானே என்று சொல்லணும். உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது. நூல் முப்பது மீட்டர் தாண்டின பிறகு டீச்சர் இருமுவார்கள், அப்போது ஒத்துக்கொள்ளலாம்.'

'வியாழன் — மஞ்சள். வீட்டில் இருந்தே செய்யலாமே என்று சொல்லணும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி, மெதுவாக, பாசமாகச் சொல்லணும். பாசமாகச் சொன்னால் பிள்ளைக்கு ரொம்பக் கோவம் வரும்.'

'வெள்ளை வேணும் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆய்வு எப்படிப் போகுது என்று கேட்டால் போதும்.'

அதற்குக் கீழே, கோடு போட்டு, வேறு மையில்: 'கறுப்பு வேணும் என்றால் சாதியைத் தொடணும். அதைத் தொடக் கூடாது. அதில் விளையாட்டு கிடையாது. பிள்ளைக்கும் வலிக்கும், நம்மளுக்கும் வலிக்கும்.'

இளவெயினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஜெயித்த அத்தனை சண்டையும் அங்கே நேரம் குறித்து, ஆள் குறித்து, முறை வைத்து எழுதப்பட்டிருந்தது; யாருடைய உலகப் பார்வையும் ஒரு இஞ்ச் நகர்ந்திருக்கவில்லை, அவள் ஒரு பசுமாட்டைப்போல நேரத்துக்கு நேரம் கறக்கப்பட்டிருந்தாள். அவமானத்தில் காது சுட, அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். புரட்டப் புரட்ட அவளுக்குள் இருந்த வாத்தியார், யாரும் கூப்பிடாமலே, எழுந்து உட்கார்ந்தாள். ஏனென்றால் அங்கே ஒரு மாமியார் பேசினாள், ஒரு ஹெட்மாஸ்டர் பேசினார், மாப்பிள்ளையின் தாய்மாமன் பல் குத்திக்கொண்டே பேசினார், 'நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க செய்யுததச் செய்யுங்க' என்று; ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல், ஒரு தந்திரம், ஒரு இருமல் இருந்தது. 'பிள்ளை இப்படி மறுக்கும், அதற்கு நாம் இப்படி மடக்கணும், அதற்கும் அது இப்படிச் சொல்லும், அது நல்ல பதில், அதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை' என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. ஆலடிச்செவலில் அதுவரை எழுதப்பட்டதிலேயே மிக நல்ல எழுத்து அதுதான், அதை எழுதினவர்களுக்குத்தான் அவள் நாற்பது நாளாகப் பத்துக்கு நாலு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள், வீட்டுக்குப் போனாள், பேசுவதை நிறுத்தினாள்.

ஊர் இதையும் தாங்கிக்கொண்டது, ஆனால் கொஞ்சம் சிரமப்பட்டது. ஆர்டர் எடுத்த ஜாக்கெட்டுகள் ஒரு கையில் மட்டும் பூவோடு நின்றன. சதக்கத்துல்லா பாய் ஆள்மூலம் ஒரு பாட்டில் கற்கண்டு கொடுத்தனுப்பினார். அம்மா முதல் நாள் காய்ச்சல் என்று நினைத்தாள், இரண்டாம் நாள் காதல் என்று நினைத்தாள், மூன்றாம் நாள் வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று ஆச்சரியப்பட்டு மத்தியானம் தூங்கினாள். கூடத்து வாசலில் இத்தனை நாளும் நூல் வருவதைப் பார்க்கவென்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்து நின்ற கூட்டம், நூல் வராது என்று தெரிந்த பிறகும் ஏமாந்துபோய் அங்கேயே நின்று கத்தியது. அதைச் சாக்காக வைத்துத்தான் மூன்றாவது வார்டு கவுன்சிலரின் கணவர் கோமதிநாயகம் தன் காரியத்தை முடிக்கக் கிளம்பினார்.

மூன்றாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. அதில் ஜெயித்தவர் அவருடைய மனைவி செண்பகவல்லி. ஆனால் பேனரில் பெரிய படம் கோமதிநாயகத்துடையது, கவுன்சிலர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவரும் அவர்தான். செண்பகவல்லி கூட்டத்துக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். கோமதிநாயகம் ஷட்டில் ஆடுகிறவர். சாயங்காலம் ஆடக் கூரை போட்ட இடம் அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் ரொம்ப நாளாகத் தேவைப்பட்டது. புதன்கிழமை மாதக் கூட்டத்தின் பொருள் எண் ஒன்பது இப்படி அச்சாகி வந்தது: 'சமுதாயக் கூடத்தில் மாலை நேர நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு மாலை வகுப்புகளை ரத்துசெய்து, கூடத்தை ஷட்டில் கழகத்தின் உபயோகத்துக்கு ஒப்படைத்தல்.'

திங்கட்கிழமை ஞானப்பூ டீச்சரும் வேலுத்தாயும் ஆமினாவும் இளவெயினியின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஒரு தாளை எடுத்து, 'நோட்டைப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிக் காட்டினாள்.

"பாத்துட்டியா" என்றார் டீச்சர். "சரி. மன்னிப்பு கேக்கணும்னா கேக்கேன். ஆனா நீயும் எங்கள்ட்ட கேக்காமத்தான எங்களத் திருத்துன?"

இளவெயினி எழுதின தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா பிள்ள?" என்றார் வேலுத்தாய். "நூலுக்குத்தான் ஆரம்பிச்சோம், இல்லங்கல. ஆனா என் வயசுக்கு என்னைய எதுத்துப் பேசி ஜெயிக்கணும்னு யாரும் இம்புட்டுப் பாடு பட்டது கிடையாது. எங்க வீட்ல நான் ஏதாவது சொன்னா, சரி சரி போ-ன்னு அனுப்பிருவாங்க. நீ மட்டுந்தான் கையக் கால ஆட்டி, மூச்சு வாங்கி, தண்ணி குடிச்சிட்டு வந்து, மறுபடியும் எங்கிட்ட சண்ட போட்ட. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

"எனக்கும்" என்றாள் ஆமினா. "அதானே."

இந்த 'அதானே' நோட்டில் இருந்ததா இல்லையா என்று இளவெயினியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மனு கொடுத்தாச்சு. புதன்கிழம நீ வந்து பேசணும்" என்றார் டீச்சர். "கூடம் போச்சுன்னா நாங்க இருபத்திரண்டு பேரும் மறுபடியும் அடுப்படிதான். உன்னைய விட்டா எங்களுக்குப் பேச ஆள் கிடையாது."

தன்னை விட்டால் ஆள் கிடையாது என்ற வார்த்தைக்கு இளவெயினி எப்போதுமே மயங்குகிறவள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதினைந்து உறுப்பினர்களும் ஒரு கோமதிநாயகமும் உட்கார்ந்திருந்த மன்றத்தில், மனு கொடுத்தவர்கள் பேசலாம் என்று தலைவர் சொன்னதும், டீச்சருக்கும் வேலுத்தாய்க்கும் ஆமினாவுக்கும் நடுவிலிருந்து இளவெயினி எழுந்தாள். நாலு நாள் அடக்கி வைத்தது. முதல் வாக்கியத்திலேயே நூல் விரல் தடிமனுக்கு, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் முறுக்கிக்கொண்டு வந்தது. பொது இடம் என்றால் என்ன, ஊர்க் கூடம் யாருடையது, ஏன் பெண்களின் நேரத்தை மட்டும் எல்லோரும் உபரி என்று நினைக்கிறார்கள் என்று அவள் ஆணி அடித்தாற்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள், வாழ்க்கையில் அவள் அவ்வளவு நன்றாகப் பேசியது இல்லை. மூன்றாவது கருத்துக்குப் போகும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது வார்டுக்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் முன்னால் வந்து நுனியைப் பிடித்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்து, "ஷட்டில் நெட்டு கட்டவே போதும்யா, என்னா உறுதி" என்றார். எழுத்தர் நடவடிக்கைப் புத்தகத்தில், 'மனுதாரர் தரப்பில் நூல், நீளம் சுமார் அறுபது மீட்டர், மூன்று நிறம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் சொன்ன ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை. நாற்பது நாளும் ஒரு நோட்டும் புரியவைக்காததை அந்த அறுபது மீட்டர் அவளுக்குப் புரியவைத்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர், ஏமாற்றமாக. "நல்லாத்தான் இருந்துச்சு. சரி, கைத்தொழில் நல்ல விஷயம், யாரும் வேண்டாங்கல. ஆனா பொம்பளைங்க வீட்ல இருந்தே நிம்மதியாச் செய்யலாமே, எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையணும்?"

வேலுத்தாய் எழுந்தார். "ஐயா, இது மஞ்சள்."

"என்னது?"

"மஞ்சள் நூலுக்கு வச்சிருந்த பேச்சு. போன மாசம் நானே சொன்னேன், உங்களவிட இன்னும் பாசமாச் சொன்னேன். பதில் சொல்லட்டா? முப்பது வருசமா வீட்ல இருந்துதான் பீடி சுத்துதேன். வீட்ல செய்யுதத யாரும் வேலைன்னு நெனைக்க மாட்டாவ. சும்மாதான இருக்க, அதை எடு, இதை வையின்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எந்திரிக்கணும். நீங்க ஆபீஸ் வேலைய வீட்ல இருந்து பாக்கலாமே, எதுக்குத் தலைவர் ரூமுக்கு ஏசி?"

யாரோ சிரித்தார்கள். ஏழாவது வார்டுக்காரர், "அதில்லம்மா, ஏழரை மணிக்கு இருட்டுல தெருவுல நடந்து வாரது பாதுகாப்பு இல்ல பாருங்க" என்றார்.

"இது பச்சை" என்றாள் ஆமினா, எழுந்து. "இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு மரியாதையானது, ஒண்ணு அப்படி இல்லாதது. எது வேணும்?"

"மரியாதையானது" என்றார் அவர் அவசரமாக.

"தெருவிளக்குப் போடுங்க. யாரால பயமோ அவங்கள ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பி வைங்க. நாங்க ஏழரைக்கு வந்துக்கிடுதோம்."

"மரியாதை இல்லாதது என்ன?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது அடுத்த கூட்டத்துக்கு."

அவர்கள் வாயிலிருந்து எந்த நூலும் வரவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆகவே உறுப்பினர்களுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. இளவெயினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமினாவின் இரண்டாவது வாதத்தில் ஒரு தர்க்கப் பிழை இருந்தது, அதைத் திருத்த அவள் நாக்கு துடித்தது, கன்னத்துக்குள் நூல் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு நின்றது, அவள் அதை மென்று அடக்கிக்கொண்டாள்.

கோமதிநாயகம் கையை உயர்த்தினார். "படிச்ச பிள்ள சொல்லிக் கொடுத்தத ஒப்பிக்காங்க தலைவரே. இவங்களா யோசிச்சதா இது?"

இது நோட்டில் இல்லை. ஞானப்பூ டீச்சர் வேலுத்தாயைப் பார்த்தார், வேலுத்தாய் ஆமினாவைப் பார்த்தார். பிறகு வேலுத்தாய், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அந்தப் பிள்ள சொல்லிக் கொடுத்தது ஒண்ணும் எங்க மண்டையில ஏறல. உள்ளதச் சொல்லுதேன். அதுக்கு எதிராப் பேசிப் பேசித்தான் எங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்கே தெரிஞ்சுது. மாமியார் மாதிரி பேசினேன், ஹெட்மாஸ்டர் மாதிரி பேசினேன், ஐயா, உங்கள மாதிரியும் பேசிப் பாத்தேன். எல்லார் மாதிரியும் பேசி முடிச்சப்பொறம் மிச்சம் நின்னது நான் ஒருத்திதான். அந்தக் கூடத்துல இருக்க ரெண்டு மணி நேரம் எங்கள யாரும் எதையும் எடுத்துட்டு வரச் சொல்ல மாட்டாங்க. தண்ணி கொண்டா, சீப்பு எங்க, சட்ட எங்கன்னு ஒரு சத்தம் இருக்காது. அவ்வளவுதான் அந்தக் கூடம். பூத்தையல் எல்லாம் அப்புறம்."

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார், ஏனென்றால் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எழுத்தர் வார்டு வாரியாகக் கூப்பிட்டார். சிலர் கூட்டாளிக்காக ஆதரவு என்றார்கள், சிலர் தெருவிளக்கை நினைத்து எதிர்ப்பு என்றார்கள், தீர்மானம் கொண்டுவந்த வார்டு என்ற மரியாதைக்கு மூன்றாவது வார்டைக் கடைசியில் கூப்பிடலாம் என்று விட்டு வைத்ததில், தீர்மானத்துக்கு ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஏழு என்று வந்து நின்றது.

"மூணாவது வார்டு?"

"ஆதரவு" என்றார் கோமதிநாயகம், நாற்காலியில் சாய்ந்தபடியே. எழுத்தர் பேனாவைக் கொண்டுபோனார்.

"எதிர்ப்புன்னு போடுங்க."

அந்தக் குரலை மன்றத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. செண்பகவல்லி கைப்பையைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏய், என்ன பேசுத? வீட்ல போயிப் பேசிக்கிடலாம்" என்றார் கோமதிநாயகம்.

"வீட்ல நீங்க பேசுங்க. இங்க நான்தான வார்டு." எழுத்தர் பக்கம் திரும்பினார். "எதிர்ப்பு. எழுதுங்கண்ணே."

இளவெயினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கு வழியாக ஒரு நுனி எட்டிப் பார்த்ததை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. செண்பகவல்லியின் வாயிலிருந்து சொன்ன சொல்லைத் தவிர எதுவும் வரவில்லை, ஆகவே மற்ற பதினான்கு பேரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.